பிள்ளைக்கு முதல் போன் எப்போது? பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். பெற்றோர் கூட்டம் வைத்தால் மார்க் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் போன்தான். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, எல்லாரும் போனபிறகு வராந்தாவில் நின்று கேட்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

டீச்சர், பையன் ஆறாவது போறான். போன் வாங்கிக் கொடுக்கலாமா?

எதற்காக என்று முதலில் சொல்லுங்கள். "பஸ்ஸில் தனியாகப் போய் வரணும், டியூஷன் முடிய ஏழு மணி ஆகுது, எங்க இருக்கான்னு தெரியணும்" என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதற்குத் தேவை பேசுவதற்கு ஒரு போன், அவ்வளவுதான். நாம் "போன்" என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, வீட்டுக்குப் பேசும் கருவி. இன்னொன்று, உலகமே உள்ளே வந்து போகும் கதவு. முதலாவதற்கு, பிள்ளை தனியாக வெளியே போகத் தொடங்கும் நாள்தான் சரியான நாள். அது பத்து வயதாக இருந்தாலும் சரி. இரண்டாவதற்கு அவசரமே இல்லை.

என் மகனுக்கு ஆறாம் வகுப்பில் ஒரு பட்டன் போன் கொடுத்தோம். பள்ளி காரைக்குடியில், பஸ்ஸில் நாற்பது நிமிடம். ஒரு மழை நாளில் ஆறரைக்கு வரவேண்டியவன் ஏழு ஆகியும் வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். போன் வந்தது: "மா, பஸ் பிரேக்டவுன். கண்டக்டர் அடுத்த பஸ்ல ஏத்தி விடுறேன்னு சொல்றார். மழை பெய்யுது, நான் கடைத் திண்ணையில நிக்கிறேன்." இருபது விநாடிப் பேச்சு. அந்த இருபது விநாடிக்காகத்தான் அந்தப் போன்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்குங்கள். ஏழாம் வகுப்பில் ஒருநாள் "அம்மா நம்பர் யாருக்கெல்லாம் பார்க்காமல் சொல்லத் தெரியும்?" என்று கேட்டேன். பாதிக் கைகூட எழவில்லை. போனில் சார்ஜ் தீரும், போன் தொலையும். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை எந்தக் கடையிலும் சொல்லிப் பேசலாம். ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கமும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்போ ஸ்மார்ட்போனுக்கு எந்த வயசு? இன்ஸ்டாகிராமே 13 வயசு போதும்ங்குதே?

அந்த 13 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை அளவுகோலாக வைக்க மாட்டீர்கள். 1998-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் சேகரிக்க வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது. அந்தச் சம்மதம் வாங்கும் வேலையைத் தவிர்க்கத்தான் கம்பெனிகள் 13 என்று எழுதி வைத்தன. பிள்ளையின் பக்குவத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. நம் நாட்டில் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது ஆகாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. ஆக, எண்ணை வெளியே தேடிப் பயனில்லை.

என் கருத்தைக் கேட்டால், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்தக் கோடை விடுமுறை. பரீட்சை கெட்டுவிடும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த விடுமுறையில் பிள்ளை வீட்டில் இருக்கும், பாடம் இருக்காது. புதுப் போனோடு முதலில் தடுமாறத்தான் செய்யும். ராத்திரி நெடுநேரம் பார்க்கும், யாரோடாவது சண்டை வரும், ஏதாவது தப்பாக அனுப்பும். அதெல்லாம் நாம் பக்கத்தில் இருக்கும்போதே நடந்துவிடுவது நல்லது. பதினொன்றாம் வகுப்பு ஆரம்பித்த வாரத்திலோ, ஹாஸ்டலில் சேர்க்கும் அன்றோ புதுப் போனைக் கையில் கொடுத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீச்சல் கற்றுக்கொடுக்கக் கிணற்றங்கரையில் நாம் நிற்க வேண்டாமா?

விதிவிலக்கு உண்டு. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளை உடலில் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் மாட்டியிருந்தால் அதைப் பார்க்க ஸ்மார்ட்போன் தேவைப்படும். காது கேளாத பிள்ளைக்கு வீடியோ அழைப்புதான் பேச்சு. அந்தப் பிள்ளைகளுக்கு வயதைப் பார்க்காதீர்கள், கொடுங்கள்.

பட்டன் போன் என்றால் எதை வாங்குவது?

கடையில் "பட்டன் போன்" என்று கேட்டால் இப்போது இரண்டு வகை தருவார்கள். பேச, எஸ்எம்எஸ் அனுப்ப மட்டுமான பழைய வகை ஒன்று. பார்க்கப் பட்டன் போன் போலவே இருந்து, உள்ளே இணையம் உள்ள 4ஜி வகை இன்னொன்று. 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போனிலேயே பாட்டு, படம், யூபிஐ எல்லாம் உண்டு. அதனால் வாங்கும்போதே திறந்து பாருங்கள்.

ஜியோ சிம் பழைய 2ஜி போனில் வேலை செய்யாது. வீட்டில் எல்லாரும் ஜியோ என்றால் பிள்ளைக்கு வேறு கம்பெனி சிம் போட வேண்டியிருக்கும். டேட்டாவே இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. இப்போது கிடைக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்வது குறைவு, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். 18 வயது ஆகாதவர் பெயரில் சிம் கொடுக்க மாட்டார்கள், உங்கள் பெயரில்தான் வரும். அந்த எண்ணிலிருந்து என்ன நடந்தாலும் உங்களைத்தான் கேட்பார்கள் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.

கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கு, என்கிட்ட மட்டும்தான் இல்லன்னு அழுறா.

அழுவது நிஜம். அதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். பன்னிரண்டு வயதில் கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்பது பெரிய வலி. "எங்க காலத்துல போனா இருந்துச்சு?" என்ற பதில் அந்த வலிக்கு மருந்தாகாது.

ஆனால் அந்த "எல்லாரும்" யார் யார் என்று பெயர் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு பேர் வருவார்கள். அந்த நான்கு அம்மாக்களிடமும் பேசுங்கள். நான் அப்படி ஒருமுறை மூன்று பேரைப் பள்ளியில் ஒன்றாக உட்கார வைத்தேன். ஒவ்வொருவரும் அடுத்தவர் பிள்ளையிடம் இருக்கிறதே என்றுதான் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "உங்க மக கேட்டாள்னுதான் என் மக கேட்டா, நான் நகைச் சீட்டுப் பணத்தை எடுத்துல்ல வாங்கினேன்." மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அயர்லாந்தில் கிரேஸ்டோன்ஸ் என்ற ஊரில் 2023-இல் இதைத்தான் செய்தார்கள். அந்த வட்டாரத்து எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் கூடி, உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று தாங்களாகவே முடிவெடுத்தார்கள். சட்டம் எதுவும் இல்லை. யாரிடமும் இல்லாதபோது யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. ஊர் முழுக்க முடியாவிட்டாலும், உங்கள் மகளின் தோழிகள் நாலு பேர் வீட்டில் பேசி வைத்துக்கொள்ள முடியும்.

வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்லதான் வருது. என்ன செய்ய?

அது எங்கள் பக்கத்துத் தவறு, ஒப்புக்கொள்கிறேன். வாட்ஸ்அப் விதிப்படியே 13 வயது ஆகாதவர்கள் தாங்களாக அதில் கணக்குத் தொடங்கக் கூடாது. பள்ளிக் குரூப்பில் இருக்க வேண்டியது பெற்றோரின் எண். அம்மா வேலை முடிந்து வந்ததும் பார்த்துச் சொன்னால் பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வீடு வருகிறீர்கள் என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள். நான்கு பெற்றோர் கேட்டால் எழுதுவோம். நான் இப்போது டைரியில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் குரூப்பில் போடுகிறேன்.

ஏற்கெனவே கொடுத்தாச்சு. இனிமே திரும்ப வாங்க முடியுமா?

முடியும். நான் வாங்கியிருக்கிறேன்.

2020-இல் பள்ளி மூடிக் கிடந்தபோது என் மகள் ஏழாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பு என்று தவணையில் ஒரு போன் வாங்கினோம். வேறு வழியும் இல்லை. எட்டாம் வகுப்பு வரை மறுபடி பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-இல்தான். பள்ளி திறந்துவிட்டது, போன் மட்டும் அவள் கையிலேயே தங்கிவிட்டது. திரும்பக் கொடு என்று கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவள் முகம் வரை இழுத்துப் போர்த்தியிருந்த போர்வைக்குள் வெளிச்சம். போர்வையின் பூக்கள் ஒவ்வொன்றும் நீலமாகத் தெரிந்தன. எத்தனை நாளாக இது நடக்கிறது என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். காலையில் எழ முடியாமல் கிடந்தது, சாப்பாட்டு டப்பா பாதியாகத் திரும்பி வந்தது, தம்பி பக்கத்தில் வந்தாலே எரிந்து விழுந்தது. வயசு அப்படி என்று நினைத்து விட்டிருந்தேன். ஆசிரியையான எனக்கே புரியவில்லை.

அன்றே பிடுங்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் திரும்பக் கொடுத்துவிட்டேன். கத்தினால் கிடைக்கும் என்று நானே கற்றுக்கொடுத்ததுபோல ஆகிவிட்டது.

இரண்டாம் முறை என் கணவர் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து உட்கார்ந்து, "தப்பு எங்களுது பாப்பா. பள்ளி திறந்தப்பவே வாங்கியிருக்கணும். உன்னைத் தண்டிக்கலை" என்றார். அந்தப் போன் இனி வீட்டுப் போன். ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும், பாஸ்வேர்டு நால்வருக்கும் தெரியும். யாருக்கு வேண்டுமானாலும் கேட்டு எடுக்கலாம், கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், அறைக்குள் போகக் கூடாது. தோழிகளோடு பேச தினமும் அரை மணி நேரம். முதல் பத்து நாள் மோசம். பேச மாட்டாள், கதவை அறைவாள். நாங்கள் அசையவில்லை, கோபப்படவும் இல்லை. மூன்றாவது வாரம் தம்பியோடு கேரம் போர்டுக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்று அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிடுங்காதீர்கள். தேதி சொல்லி, காரணம் சொல்லி, பழியை உங்கள்மேல் போட்டுக்கொண்டு வாங்குங்கள். வாங்கியபிறகு திரும்பக் கொடுக்காதீர்கள்.

பொம்பளப் பிள்ளைக்குப் போனே கூடாதுங்கிறார் மாமியார்.

அவர் பயம் காரணமில்லாத பயம் இல்லை. ஆனால் பையனுக்கு ஒன்பதாவதில் போன், பெண்ணுக்குக் கல்லூரியிலும் இல்லை என்று வைத்தால், அவளுக்கு யாராவது ரகசியமாக ஒரு போன் கொடுப்பார்கள். கொடுப்பவன் நல்ல எண்ணத்தோடு கொடுப்பதில்லை. அதற்கப்புறம் என்ன நடந்தாலும் அவளால் வீட்டில் சொல்ல முடியாது. நான் பார்த்த துயரங்களில் பெரியவை எல்லாம் இப்படித் தொடங்கியவை. விதி இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பையன்களையும் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். வெட்கத்தால் அவர்கள் சொல்வது இன்னும் குறைவு.

போன் கொடுப்பதற்கு முன்பே பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்: "என்ன தப்பு நடந்தாலும், நீயே போட்டோ அனுப்பியிருந்தாலும், முதல்ல என்கிட்ட வா. அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." மிரட்டுகிறவனின் பலமே "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்பதுதான். வீடு ஏற்கெனவே பிள்ளையின் பக்கம் இருந்தால் அவனிடம் ஒன்றும் இல்லை.

அப்படி நடந்துவிட்டால், எதையும் அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பணம் அனுப்பாதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண், நாள் முழுக்க இயங்கும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்து மிரட்டுவது போக்சோ சட்டப்படி குற்றம். டேக் இட் டவுன் என்று ஓர் இலவசச் சேவையும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, படத்தின் அடையாளக் குறியீடு மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பிள்ளை போனைக் கண்காணிக்க ஆப் இருக்காமே?

ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம். ஐபோனில் ஸ்கிரீன் டைம் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. புது ஆப் இறக்க உங்கள் அனுமதி, ஒரு நாளுக்கு இவ்வளவு நேரம், ராத்திரி இத்தனை மணிக்குப் பூட்டு என்று வைக்கலாம். ஃபேமிலி லிங்கில் போன் இருக்கும் இடமும் தெரியும். கணக்குத் தொடங்கும்போது பிள்ளையின் பிறந்த தேதியை உண்மையாகக் கொடுங்கள். நிறையப் பேர் அவசரத்துக்கு 2000-ஆம் ஆண்டு என்று போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் கணக்குக்கு அது வளர்ந்த ஆள், பெரியவர்களுக்கான எல்லாமே அங்கே வரும்.

ஃபேமிலி லிங்கில் பிள்ளையின் மெசேஜைப் படிக்க முடியாது. படிக்க வழி தருகிறேன் என்று வேறு ஆப்கள் வரும், அவற்றைப் போடாதீர்கள். பூட்டு வைத்திருப்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வையுங்கள். திருட்டுத்தனமாக வேவு பார்த்தது தெரிந்தால், மேலே சொன்ன வாக்கு அன்றோடு போய்விடும்.

கேம்ல பணம் போயிடுமா?

போகும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் சாதாரண கேமுக்குள் உடை, துப்பாக்கி, வைரம் என்று வாங்குவது இன்னும் இருக்கிறது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். யூபிஐ பின் எண்ணைப் பிள்ளை முன்னால் அடிக்காதீர்கள். "கடைக்குப் போய் ஸ்கேன் பண்ணிட்டு வா" என்று பின் நம்பரைச் சொல்லி அனுப்பும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய.

கண் கெட்டுடுமா?

மணிக்கணக்கில் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தால் கண் களைக்கும், காயும். பகல் வெளிச்சத்தில் வெளியே நிறைய நேரம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாயங்காலம் தெருவுக்கு அனுப்புங்கள்.

அப்பா சிங்கப்பூர்ல இருக்கார். வீடியோ கால்லதான் பிள்ளையைப் பார்க்கிறார்.

பேசட்டும், அதற்கு நேரக் கணக்கு வேண்டாம். அம்மாவின் போனிலேயே பேசலாமே. எங்கள் பகுதியில் அப்பாக்கள் பாசத்தில் விமான நிலையத்திலேயே விலையுயர்ந்த போன் வாங்கி வந்துவிடுகிறார்கள். லீவு முடிந்து அவர்கள் போய்விடுவார்கள், போனோடு மல்லுக்கட்டுவது அம்மா தனி ஆளாக. வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அந்த அப்பாக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தாத்தா அவர் போனைக் கொடுத்துடறார்.

தாத்தாவுக்குப் பேரன் பக்கத்தில் உட்கார வேண்டும், அதற்கு அவரிடம் உள்ள ஒரே வழி அந்தப் போன். ஆடுபுலி ஆட்டமோ, தாயமோ, ஒரு சீட்டுக்கட்டோ வாங்கி அவர் கையில் கொடுங்கள். என் மாமனாருக்குத் தாயக்கட்டை வாங்கிக் கொடுத்தோம். இப்போது என் மகன் போன் கேட்டாலும் அவர் தருவதில்லை, ஆட்டம் பாதியில் இருக்கிறது என்கிறார்.

டீச்சர், நாங்களே எந்நேரமும் போன்லதான் இருக்கோம். பிள்ளைக்கு என்னத்தச் சொல்ல?

இதைக் கேட்ட அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்தது.

மகாராஷ்டிராவில் சாங்கிலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். 2022-இல் அந்த ஊரில் ஒரு முடிவெடுத்தார்கள். ராத்திரி ஏழு மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். அப்போதிலிருந்து எட்டரை வரை எல்லா வீட்டிலும் டிவி, போன் எல்லாம் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் என்று விதி போடவில்லை, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எங்கள் வீட்டில் சைரன் கிடையாது. ஒன்பது மணிக்கு நான்கு போனும் கூடத்து ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் வந்துவிட வேண்டும், சார்ஜ் அங்கேதான். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிவிட்டோம். பள்ளி வேலை என்று சொல்லி நான் இரண்டு நாள் போனை அறைக்குள் எடுத்துப் போனேன். மூன்றாம் நாள் மகன் தட்டோடு அறை வாசலில் வந்து நின்றான். வைத்துவிட்டேன்.